வற்கடமும் மனவாட்டமும்

திருவீழிமிழலை என்னுந் திருத்தலத்தின் பெயரைக் கேட்ட அளவில் அன்பர் நெஞ்சில் முதற்கண் எழுவது படிக்காசின் நினைவேயாம். திருஞானசம்பந்தப் பெருமானும் திருநாவுக்கரசு சுவாமிகளும் ஆங்கு எழுந்தருளியிருந்த காலத்து மழை பொய்த்தது, ஆறுகள் வற்றின, உயிர்கள் உணவின்றி வாடின. இறைவன் கிழக்குப் பீடத்தில் ஒரு காசும் மேற்குப் பீடத்தில் ஒரு காசுமாக நாடோறும் வைத்தருள, அவை கொண்டு இருவர் திருமடங்களிலும் அடியார்க்குத் திருவமுது நடந்தது. இவ்வரலாற்றைச் சிறுபருவந்தொட்டுக் கேட்டு வருகின்றோம். கேட்டுப் பழகியதனாலேயே, இதன்கண் சேக்கிழார் பெருமான் வைத்த நுட்பம் ஒன்றினை யாம் நெடுங்காலம் ஊன்றி நோக்கினோமல்லேம்.

வற்கடத்தைக் கூறவந்த சேக்கிழார், வயல் வறண்டமையும் பசி மிகுந்தமையும் கூறி அமைந்தாரல்லர். உயிர்களின் கண்ணொளி குன்றியதையும் உடன் கூறினார். அதுகண்ட பெருமக்கள் இருவர் திருவுள்ளத்தும் எழுந்த வினா, நெல்லுக்கு யாது செய்வோம் என்பதன்று. திருநீற்றைச் சார்பாகக் கொண்டார்க்குங் கவலை வந்தடையுமோ என்பதேயாம். அன்றிரவு கனவின்கண் இறைவன் அருளிய விடையும் அவ்வினாவிற்கு நேர்விடையாகவே உள்ளது. பஞ்சத்தினால் நும் இருவர் உள்ளமும் தளர்வடையாது என்பதை முதற்கண் உடன்பட்டு, ஆயினும் நும்மைப் பின்பற்றி நிற்போர்பொருட்டுத் தருகின்றோம் என்று அருளினான். வயிற்றைப் பற்றிய பேச்சு அவ்விடத்து இல்லை. உள்ளத்தைப் பற்றியதே உண்டு. பெரியோர் இருவர்க்கும் ஏனை அடியார்க்கும் உள்ள வேறுபாடு பசி வருதலினும் வாராமையினும் அன்று, பசியால் மனம் வாடுதலினும் வாடாமையினும் உள்ளது என்பது இதனாற் போதரும். அங்ஙனம் வாடுவோரை இறைவன் கடிந்தானுமல்லன், உறுதிகொள்ளுமாறு ஏவினானுமல்லன். காசு கொடுத்தான்.

இதனை எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகட்கு முன்னர் ஒரு குருபூசை விழாவிற் பேசிய அன்பர் ஒருவர், இளையான்குடிமாற நாயனார் வரலாற்றை எடுத்துரைத்து, வறுமையால் மனங்கலங்குவோர் உண்மைப் பத்தியில்லாதோரே என்று முடித்தார். நள்ளிரவில், மழையில், விதைத்த நெல்லை வாரிவந்து விருந்தூட்டிய நாயனாரது மனம் சுருங்கவில்லை என்பது மெய்யே. அவர் நாயன்மார் ஆனதும் அதனாலன்றோ? அன்று பந்திக்குக் காத்திருந்த எளியோர் சிலர் தலைகவிழ்ந்திருந்ததை யாம் கண்டோம். அறுபத்துமூவர்க்கு உரிய அளவுகோலை அன்றாடங் கூலிக்குச் செல்வான்மேல் வைத்து அளத்தல் முறையன்று என்று அப்பொழுதே தோன்றிற்று. எடுத்துக்கூற நா எழவில்லை. அக்குறையை ஈண்டு ஒருவாறு தீர்த்துக்கொள்கின்றோம்.

சித்தாந்த நூல் வழி நோக்கினும் அவர் கூற்று நில்லாது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் ஆன்மா அல்ல. மாயையினின்று தோன்றிய சடப்பொருள்கள். அரசன் அமைச்சரோடு கூடிநின்று தொழில் நடத்துமாறு போல, ஆன்மா அக்கருவிகளோடு கூடியே அறிதலுஞ் செய்தலும் உடையதாகும் என்பது சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தாற் பெறப்படும். அமைச்சர் நோயுற்றுக் கிடப்பின் அரசு நடவாது. அதுபற்றி அரசனைக் குடிப்பிறப்பிலான் என்பார் இலர். உணவால் நிற்பதாகிய உடம்பைப் பற்றி நிற்குங் கருவி, உணவு குன்றியவிடத்துத் தானுங் குன்றுதல் இயல்பே. இனி இதற்கு வரலாறு கூறுஞ் சான்றுகளைக் காண்போம்.

தமிழ்நாட்டார் இன்றும் தாது வருடப் பஞ்சம் என்று வழங்குவது, 1876-ஆம் ஆண்டு இரு பருவமழையும் தவறியதனாற் சென்னை மாகாணத்தைப் பற்றி, மைசூர், பம்பாய், ஐதராபாத்து முதலிய இடங்களினும் பரவி, 1878 வரை நின்ற பெருங்கொடுமையாகும். அதன்கண் மடிந்தோர் தொகையை 56 இலட்சம் என்பாரும் 96 இலட்சம் வரை என்பாரும் உளர். 1877 சனவரி முதல் நாளன்று அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு, விக்டோரியா அரசியாரைப் பேரரசியாக அறிவித்துத் தில்லியிற் பெருந்தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். அம்மாதத்திலேயே பஞ்சச் செலவைச் சுருக்கும்பொருட்டு அவர் தெற்கே விடுத்த அதிகாரி சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார்.

டெம்பிளின் முன்வரலாறு ஈண்டு அறியத்தக்கது. 1873-74-இல் பீகாரில் மழை பொய்த்தபோது அவர் பருமாவினின்று அரிசி வருவித்துத் தாராளமாக வழங்கினார்; பஞ்சச்சாவு மிக அரிதாயிற்று. அதற்கு அவர் பெற்றது பாராட்டன்று, பணத்தை வீணே இறைத்தார் என்னும் பழி. அப்பழி நீங்கவேண்டியே போலும், சென்னையில் அவர் கை இறுகிற்று. நிவாரண வேலைக்கு வந்த ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறிது காசுமே கூலி எனக் குறைத்தார். ஒரு இராத்தல் என்பது இக்காலத்து 450 கிராம். அதுகொண்டு நாள்முழுதும் மண் சுமக்கவேண்டும். சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். அவர்தம் முயற்சியால் 1877 மார்ச்சு மாதத்திற் கூலித்தானியம் ஓரளவு உயர்த்தப்பட்டுப் பருப்புஞ் சேர்க்கப்பட்டது. அவர் கேட்ட அளவு முழுதுங் கிடைத்ததில்லை.

குறைந்த தானியத்தினும் கொடியது, அதனை வழங்கிய மனப்பான்மை. சோம்பேறிகள் அரசாங்கத்தை ஏமாற்றுவர் என்னும் ஐயமே அக்காலத்து நிவாரண விதிகளின் உயிர்நிலையாயிருந்தது. உதவி வேண்டுவான் வேலையால் தன் வறுமையை மெய்ப்பிக்கவேண்டும். வீட்டினின்று நெடுந்தொலைவு சென்று முகாமிலே தங்கவேண்டும். பசித்தவனது சோர்வைச் சோம்பலென்றும், அவனது திகைப்பை வஞ்சமென்றும் அவ்விதிகள் கொண்டன. மானமுள்ள குடும்பத்தார் பலர் பொதுவிடத்திற் கஞ்சி ஏற்க நாணி வீட்டினுள்ளே கிடந்து மடிந்ததும் அதனாலேயே. பம்பாய் மாகாணத்திலோ, கூலி குறைந்தவுடன் பல்லாயிரவர் வேலைத்தலங்களை விட்டு ஒருங்கே வெளியேறினர். பின்னாளில் 1880-ஆம் ஆண்டின் பஞ்ச விசாரணைக் குழுவும், அதன்வழி எழுந்த 1883-ஆம் ஆண்டின் பஞ்ச விதித்தொகுப்பும் இவற்றுட் சிலவற்றைத் திருத்தின.

பசியுற்றவன் சோம்பேறியாதல் அவன் குணக்குற்றமன்று, பசியின் செயலே என்பது ஐயமற நாட்டப்பட்டது அதற்கு ஏறத்தாழ எழுபதாண்டுகட்குப் பின்னராகும். அமெரிக்க நாட்டு மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், இரண்டாம் உலகப்போர் முடிவை நெருங்கிய காலத்தில், ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். ஐரோப்பாவிற் பட்டினியால் மெலிந்துள்ள மக்களைத் தேற்றுதல் எவ்வாறென்று அறிதலே அதன் நோக்கம். அதற்குத் தாமே உடன்பட்டு வந்த இளைஞர் 36 பேர். அவர் எத்தகையோர் என்பதை வாசகர் கருதுக. போரிற் கொலைபுரியோம் என்று படைக்கலம் ஏந்த மறுத்தோர். அவருட் பலர் சமயப்பற்றினாலேயே அங்ஙனம் மறுத்தோர். உடலுறுதியும் மனவுறுதியும் உடையோராகப் பலருள்ளிருந்து தெரிந்தெடுக்கப்பட்டோர். உலகின் பசி தீர்க்கும் தொண்டு இது என்னும் எண்ணமே அவர்க்கு ஊக்கமாயிற்று.

1945 பிப்பிரவரி முதல் சூலை வரை 24 வாரம் அவர்க்கு உணவு குறைக்கப்பட்டது. முன்னர் உண்டதில் ஏறத்தாழப் பாதி. நாளுக்கு இருவேளை உருளைக்கிழங்கு, கோசுக்கிழங்கு, ரொட்டி போல்வன. வாரந்தோறும் 22 மைல் நடையும் உண்டு. உடல் எடையிற் காற்பங்கு குறைந்தது. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது மனத்தில் நிகழ்ந்தது. நகைச்சுவை அற்றது. நட்புக் குலைந்தது, சிறு ஓசைக்கும் சினம் மூண்டது. கல்வியிலும் காதலிலும் நாட்டம் ஒழிந்து, உணவென்னும் ஒன்றே நினைவிலுங் கனவிலும் நின்றது. சமையல் நூல்களைத் தொகுத்துப் படிப்போரும், தட்டை நாவால் நக்குவோரும், ஒரு கவளத்தை நெடுநேரம் வைத்து உண்போருமாயினர். பலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்தனர். உணவு மறைத்து உண்டமையாற் சிலர் விலக்கப்பட்டனர். இறுதிவரை நின்றோர் 32 பேர். அறநெறியிற் சிறந்து நின்று சோதனைக்கு வந்தவரே களவு செய்தார் எனின், அது அவரது ஆன்மாவின் இழிவோ, கருவியின் கேடோ?

இன்னுங் கேட்க. மீண்டும் உணவு வழங்கத் தொடங்கியவுடன் மனம் தெளிந்ததோ எனின், இல்லை. உடம்பு தேறத் தொடங்கிய வாரங்களிலும் உள்ளம் தேறவில்லை. சிலர்க்குச் சோர்வு மிகுந்தது. ஒருவர் விறகு பிளக்குங்காற் கோடரியால் தம் கைவிரல் மூன்றை வெட்டிக்கொண்டார். வேண்டுமென்றே செய்தீரோ என வினவியதற்கு, எனக்கே தெரியவில்லை என்னுங் கருத்துப்பட விடையிறுத்தார். இச்சோதனையின் முழு விவரமும் 1950-இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது.

அவ்விளைஞர்க்கு ஒரு பேறு இருந்தது. பட்டினி எந்நாளில் முடியும் என்பதை அவர் நாள்குறித்து அறிந்திருந்தனர். தாது வருடத்துக் குடியானவனுக்கு அந்த அறிவு இல்லை. வானத்தை நோக்குவான், நாளை மழை வருமோ, முகாமிற் சேர்ப்பரோ, பிள்ளை பிழைக்குமோ என்று ஒன்றுந் தெளியான். நாள்குறித்த பட்டினியே நல்லோர் மனத்தை இங்ஙனம் குலைத்ததாயின், நாளறியாப் பட்டினி குலைத்ததை யாரே அளந்து கூறவல்லார்!

பசியின் கை கருப்பையினுள்ளும் நீளுவது. 1944-45 குளிர்காலத்தில் செருமானியப் படையின் முற்றுகையால் ஒல்லாந்து நாட்டின் மேற்பகுதி உணவின்றி வாடிற்று. ஏறத்தாழ இருபதினாயிரவர் மடிந்தனர். அக்கொடுங்காலத்தின் உச்சியிற் கருவாகிப் பிறந்தோர் வளர்ந்தபின், அவரிடை மனச்சிதைவு நோய் ஏனையோரினும் ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டமை 1990-களில் வெளிப்பட்டது. சீனத்தில் 1959 முதல் 1961 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தைப் பற்றி, அன்ஹுயி மாகாணத்து வூஹு வட்டாரத்து மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வும் இதனையே வலியுறுத்திற்று. அந்நோய் அடையுந் தகவு 1959-இற் பிறந்தோரில் நூற்றுக்கு 0.84 ஆக, 1960-இற் பிறந்தோரில் 2.15 ஆக உயர்ந்திருந்தது. தாயின் பட்டினியைப் பிள்ளை தன் அறிவில் தாங்கிப் பிறக்கின்றது. இவற்றைப் படித்த பின்னர், வறியோர் தெருவிற் சித்தங்கலங்கித் திரிவாரைக் காணும்பொழுது வினைப்பயன் என்னும் ஒரு சொல்லோடு கடந்துசெல்ல எமக்குக் கூடவில்லை. வினை உண்டு என்பது சித்தாந்தமே. அவ்வினை எவ்வாயில்வழி வந்து ஊட்டிற்று என்று அறிதலும், அவ்வாயிலை அடைக்க முயலுதலும் சித்தாந்தத்திற்கு மாறாகா.

இதுகாறுங் கூறியது பசி வந்தபின் நேர்வது. பசி வருமுன்னரே, வருமென்னும் அச்சத்தால் நேர்வது மற்றொன்று. இக்காலத்தார் உணவு உறுதியின்மை என்று வழங்குவது இதனை உள்ளிட்டதாகும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் உலகெங்கும் இதனை அளக்க எட்டு வினாக்கள் வகுத்துள்ளது. நாள்முழுதும் உண்ணாதிருந்ததுண்டோ என்பது இறுதியில் வருவது. முதல்வினாவோ, போதிய உணவு கிட்டாதோ என்று கவலையுற்றதுண்டோ என்பது. கவலையே முதற்படி எனக் கொண்டமை கருதத்தக்கது. இவ்வினாக்களுக்கு 149 நாட்டு மக்கள் தந்த விடைகளை அவர்தம் மனநிலையோடு ஒப்பிட்டு 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று, உணவு உறுதி குறையுந்தோறும் மனநலமும் படிப்படியாகக் குறைதலையும், அது பொருள்நிலை வேறுபாட்டால் மட்டும் விளைந்ததன்று என்பதையும் காட்டிற்று. மனநோயாளர் தொழிலிழந்து உணவிழத்தலும் உலகில் உண்டாகலின், காரணம் இருபுறத்தும் இயங்கும் என்பதனையும் உடன் நினைக்கவேண்டும்.

இவ்வச்சத்தை இற்றைக்கு நூற்றைம்பதாண்டுகட்கு முன்னரே நம்மவர் ஒருவர் உரைநடையில் விரித்தெழுதினார். வடலூர் இராமலிங்க அடிகள் இயற்றிய சீவகாருணிய ஒழுக்கம் என்னும் நூலில், பசியால் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஒவ்வொன்றும் எவ்வாறு கெடுகின்றது என்பது கரணம் கரணமாகப் பிரித்துக் கூறப்பட்டுள்ளது. அதனோடு நில்லாது, பொழுது ஏற ஏற, இனிப் பசி வந்து வருத்துமே, யாது செய்வோம், எவரிடஞ் சென்று கேட்போம் என்று கேட்கவும் நாணி உள்ளே நொந்துகிடப்பாரது நிலையையும் அவர் எழுதினார். பசி அந்நேரத்து இன்னும் வரவில்லை; அதன் நிழலே வந்துள்ளது. 1867 மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது.

அடிகளோடு ஆறுமுக நாவலரவர்கள் கொண்ட மாறுபாடு சைவவுலகம் அறிந்ததே. அதனை ஈண்டுக் கிளறுதல் எம் கருத்தன்று. ஆயின் தாது வருடப் பஞ்சத்தின் நிழல் யாழ்ப்பாணத்தினும் வீழ்ந்தபொழுது, அந்நாவலரே கஞ்சித்தொட்டி அமைத்து, பொருளுடையோர்பாற் சென்று இரந்து, எளியோர்க்கு ஊட்டினார். நூல்வழக்கில் எதிரெதிர் நின்ற இருவரும் அடுப்பு மூட்டுவதில் ஒருவழி நின்றமை எமக்குப் பெருமகிழ்ச்சி தருவது.

இனித் திருவீழிமிழலைக்கே மீள்வோம். ஆண்டுதோறும் விளையும் நிலமோ, ஒருங்கே பெருநிதியோ அருளவல்ல பெருமான், நாளுக்கு ஒவ்வொரு காசாக அளித்தமை என்னை? இதற்குப் பெரியோர் பல கருத்து உரைப்பர். எமக்குத் தோன்றுவது இது. இன்று வைத்தவன் நாளையும் வைப்பான் என்னும் உறுதி, பொழுது புலருந்தோறும் புதுப்பிக்கப்பட்டது. கவலை நாடோறும் பிறப்பதாகலின் மருந்தும் நாடோறும் வந்தது. திருமடங்களிலும் அவ்வாறே, எல்லாரும் வந்து உண்க என்று இருபொழுதும் பறையறைந்து அழைத்தனர். உண்ண வருவான் தன் வறுமையை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. கையேந்தி வாயிலில் நிற்கவேண்டுவதுமில்லை. வேளை தவறாது ஒலிக்கும் அவ்வோசை காதில் விழுந்த குடிசைகளில் அன்றிரவு உறக்கம் எங்ஙனம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

அவ்வொழுங்கினும் ஒரு குறை நேர்ந்தது. நாவுக்கரசர் திருமடத்தில் அடியார்கள் உரிய காலத்தில் உண்ண, பிள்ளையார் திருமடத்தில் மட்டும் அமுது தாழ்த்தது. பிறராயின், பஞ்சக்காலத்திற் சிறிது தாழ்த்தாலென், உணவு கிட்டுகின்றதே என்று அமைவர். பிள்ளையார் அங்ஙனம் அமையாது, தாழ்த்தற்குக் காரணத்தை மடைத்தொழிலாளரை அழைத்து வினவினார். தமக்குக் கிடைத்த காசு வாசியுடையதாகலின் கடைக்காரர் வட்டங்கேட்டு நிறுத்துகின்றனர் என்றும், கைத்தொண்டு புரியும் அரசர் காசு வாசியில்லாதது என்றும் அவர்கள் விண்ணப்பித்தனர். மறுநாளே பிள்ளையார் வாசி நீங்கப் பதிகம் பாடினார், நற்காசு பெற்றார், அடியார் காத்திருத்தல் ஒழிந்தது. பசித்தோர் காத்திருக்கும் ஒரு நாழிகையையும் பொருட்படுத்திப் பாடப்பெற்றது அப்பதிகம்.

பின்னர் மழை பெய்தது, நிலம் விளைந்தது, பெருமக்கள் இருவரும் பிற தலங்களை வணங்கித் திருமறைக்காடு சென்றனர். காசு வைத்தருளிய பீடங்கள் இரண்டும் அத்திருக்கோயிலிற் கிழக்கினும் மேற்கினுமாக இன்றும் உள்ளன.